மீவிரைவு ஒளியியலில் முனைவர் பட்டம்: அன்றாட வேலை என்ன, வழி எப்படி?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் இயற்பியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ஃபெம்டோசெகண்ட் (நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவிலான மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைத் தரும் லேசரால், எலக்ட்ரான்களின் குவாண்டம் இயல்பே பண்பைத் தீர்மானிக்கும் ‘குவாண்டம் பொருட்களை’ ஆராயும் மீவிரைவு ஒளியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். கஞ்சிக்கோட்டிலேயே ஐ.ஐ.டி. இருக்கும்போது வெளியூர்ப் பேச்சு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். இத்துறையில் அன்றாட வேலை என்ன, பேராசிரியர் பணி வரை வழி எப்படி என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

லேசர் ஆய்வகத்தில் இருப்பவர்:
பொருளின் மீது இரண்டு லேசர் ஒளித்துடிப்புகளை அடுத்தடுத்து விடுவதுதான் அன்றாட வேலை. முதல் துடிப்பு பொருளின் எலக்ட்ரான்களைக் கிளறிவிடும். சற்றுப் பின்தங்கி வரும் இரண்டாம் துடிப்பு, அக்கணத்தில் பொருள் எந்நிலையில் இருக்கிறது என்பதை எதிரொளிப்பின் வழியே காட்டும். அந்தத் தாமதத்தை உண்டாக்கக் கண்ணாடியை நகர்த்தினாலே போதும்: 15 மைக்ரோமீட்டர் நகர்த்தினால் ஒளியின் பாதை போகவர 30 மைக்ரோமீட்டர் கூடி, 100 ஃபெம்டோசெகண்ட் கிடைத்துவிடும். எதிரொளிப்பில் காணும் மாற்றமோ பெரும்பாலும் மிகச் சிறியது. ஏசி காற்றில் ஒளிக்கற்றை சற்று அசைந்தாலே அன்றைய அளவீடு வீணாகலாம். எடுத்துக்காட்டாக, வனேடியம் டைஆக்சைடு சுமார் 68 டிகிரி செல்சியஸில் உலோகம் போல் மின்சாரத்தைக் கடத்தும் நிலைக்கு மாறும். அம்மாற்றத்தை லேசர் துடிப்பால் ஒரு பிகோசெகண்டுக்குள்ளேயே (1000 ஃபெம்டோசெகண்ட்) தூண்ட முடிகிறது. அப்போது முதலில் மாறுவது எலக்ட்ரான்களா, அணுக்களின் அடுக்கா என்று பிரித்தறிவதில்தான் இத்துறையின் சுவையே இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர் (ஆந்திரம்):
அம்மா, நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேர்வுகளில் ஒன்றின் வழியே ஆய்வில் சேர்ந்தால் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பிறகு முதுமுனைவர் ஆய்வு (முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி), அது பெரும்பாலும் வெளிநாட்டில். உதவிப் பேராசிரியரானாலும் லேசரும் ஒளியியல் மேசையும் வந்து, அறை வெப்பநிலை சீராகும் வரை முதல் சில ஆண்டுகள் கரைந்துவிடும். பாலக்காடு ஐ.ஐ.டி.யும் திருப்பதி ஐசரும் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) 2015இல் தொடங்கியவை. எல்லையோரப் பிள்ளைகளுக்கு இப்போது அருகிலேயே வாய்ப்பு உண்டு. ஆனாலும் தூரத்தைப் பார்த்துச் சேர வேண்டாம். லேசர் இப்போது ஓடுகிறதா, அளவீட்டுக்கு வேண்டிய ஒற்றைப்படிகங்கள் (அணுக்கள் முழுவதும் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட படிகங்கள்) எங்கிருந்து வருகின்றன என்ற இரண்டையும் வழிகாட்டியிடம் அல்ல, அவருடைய மாணவர்களிடம் கேளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
மிக்க நன்றி ஐயா. படிகம் வளர்க்கும் குழுவில் சேர்ந்து, அளவீட்டை வேறு குழுவோடு இணைந்து செய்யலாமா?

லேசர் ஆய்வகத்தில் இருப்பவர்:
செய்யலாம், நல்ல படிகம் வைத்திருப்பவரை எந்த லேசர் குழுவும் வரவேற்கும். ஆனால் துடிப்பின் அகலத்தை அளப்பதையும் கற்றையை நேர்செய்வதையும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். பேராசிரியர் பணி அமையாவிட்டாலும், லேசர் நிறுவனங்களிலும் குறைக்கடத்திச் சில்லுகளை அளந்து சோதிக்கும் அளவியலிலும் வேலை தருவது அந்தக் கைத்திறன்தான்.