பெட்டியில் இருந்த பெயரும் கார்டில் இருந்த எண்ணும்

கணினியில் எந்த கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படத்தை வரைந்து அனுப்பும் பாகம்) இருக்கிறது என்று தெரியாமல், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடி அலைந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் பலருக்கு உதவும் என்று எண்ணி, என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

உறவினர் ஒருவரின் பழைய மேசைக்கணினியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவிக் கொடுத்தேன். நிறுவி முடித்ததும் எழுத்துகள் பருத்து மங்கலாகத் தெரிந்தன; வீடியோ ஓடும்போது படம் விட்டு விட்டு நகர்ந்தது. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற பிரிவைப் பார்த்தால், கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தது. இது கார்டின் பெயர் அன்று. உரிய டிரைவர் கிடைக்காதபோது, திரையில் ஏதேனும் தெரிய வேண்டும் என்பதற்காக விண்டோஸ் தானாகவே போட்டுக்கொள்ளும் பொது டிரைவரின் பெயர். விண்டோஸ் 7இல் இதே இடத்தில் ஸ்டாண்டர்டு விஜிஏ கிராபிக்ஸ் அடாப்டர் என்று வரும். இந்தப் பெயரைக் கண்டு கார்டு பழுதாகிவிட்டது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். என் உறவினர் அப்படி நினைத்துப் புதிய கார்டு வாங்கப் புறப்பட்டே விட்டார்.

கார்டு வந்த அட்டைப்பெட்டியை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதில் ஜீஃபோர்ஸ் ஜிடி 730 என்று இருந்தது. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஜீஃபோர்ஸ் சிப்களைத் தயாரிக்கும் என்விடியாவின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவ முயன்றபோது, பொருத்தமான கிராபிக்ஸ் வன்பொருள் எதுவும் இந்தக் கணினியில் இல்லை என்று செய்தி வந்து நின்றுவிட்டது. வேறு இரண்டு பதிப்புகளை இறக்கிப் பார்த்தும் அதே செய்திதான். ஒவ்வொன்றும் பல நூறு மெகாபைட் அளவுள்ள கோப்பு என்பதால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதிலேயே போயிற்று.

பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, கார்டே தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று அதன் பிறகுதான் பார்த்தேன். டிவைஸ் மேனேஜரில் அந்த வரியின் மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் டீட்டெயில்ஸ் பக்கத்துக்குப் போய், ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தால் ஒரு நீண்ட குறியீடு தெரியும். அதில் வெண்டர் என்பதன் முதல் மூன்று எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கங்கள் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். டிவைஸ் என்பதன் முதல் மூன்று எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கங்கள் அது எந்தச் சிப் என்பதைக் குறிக்கும். இவை பதினாறடிமான எண்கள் என்பதால் நடுவில் ஆங்கில எழுத்துகளும் வரும். 10டிஇ என்றால் என்விடியா. 8086 என்றால் இன்டெல். 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசஸரின் எண்ணே அதற்கு அடையாளமாக நிற்கிறது. 1002 என்றால் ஏஎம்டி. உண்மையில் இது ஏடிஐ நிறுவனத்துக்கு உரிய எண். 2006இல் ஏஎம்டி அந்நிறுவனத்தை வாங்கிய பிறகும் ரேடியான் கார்டுகளில் அதே எண் தொடர்கிறது.

எங்கள் கார்டின் சிப் எண் 0எஃப்02. இத்தகைய எண்களைத் (பிசிஐ எண்கள் என்பார்கள்) தொகுத்துப் பராமரிக்கும் பொதுப் பட்டியலில் தேடியபோது அது ஜிஎஃப்108 என்ற, ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்த சிப் என்று தெரிந்தது. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் ஃபெர்மி சிப் கொண்ட கார்டும் உண்டு, அடுத்த தலைமுறையான கெப்ளர் சிப் கொண்ட கார்டும் உண்டு. கெப்ளர் கார்டாக இருந்தால் எண் 1287 என்று இருந்திருக்கும். ஃபெர்மிக்கான டிரைவர்கள் 2018 மார்ச்சில் வெளிவந்த 391.35 பதிப்போடு நின்றுவிட்டன; கெப்ளருக்கோ 470 வரிசை வரை வந்தன. நான் இறக்கிய மூன்றும் கெப்ளருக்கு உரியவை. 391.35ஐ நிறுவியதும் திரை ஒரு கணம் இருண்டு, முழுத் தெளிவோடு திரும்பி வந்தது. உறவினரின் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. மடிக்கணினியில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வரும் என்பதால் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

என் மடிக்கணினியில் பிராசஸரோடு சேர்ந்த இன்டெல் கிராபிக்ஸும் தனியாக ஓர் என்விடியா சிப்பும் இருந்தன. இத்தகைய கணினிகள் பலவற்றில் திரை நேராக இணைக்கப்பட்டிருப்பது இன்டெல் சிப்போடுதான்; மற்றது கனமான வேலைகளைச் செய்து, வரைந்த படத்தை இன்டெல் வழியாகத் திரைக்கு அனுப்புகிறது. இதை அறியாமல், தேவையானது என்விடியா டிரைவர் மட்டுமே என்று நினைத்து அதை மட்டும் நிறுவினேன். தனிச் சிப் இருந்தும் முப்பரிமாண மென்பொருள் தடுமாறியது. இரண்டுக்கும் டிரைவர் வேண்டும். முதலில் இன்டெல்லுக்கும் பிறகு தனிச் சிப்புக்கும் நிறுவுவதே எனக்குச் சரியாக அமைந்தது.

ஆனால் இன்டெல்லின் பொது டிரைவரை நிறுவப்போனபோது, இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை, தயாரிப்பாளரிடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று மறுத்துவிட்டது. மடிக்கணினி நிறுவனங்கள் வெப்பம், மின்சேமிப்பு, திரை ஒளி ஆகியவற்றுக்காகத் தம் சாதனத்துக்கு ஏற்ப டிரைவரை மாற்றி வெளியிட்டதால் அப்படி ஒரு தடை இருந்தது. 2020இல் இன்டெல் இந்தத் தடையைத் தன் புதிய பொது டிரைவர்களில் நீக்கிவிட்டாலும், அதற்கு முந்தைய டிரைவர்களை நம்பியிருக்கும் பழைய கணினிகளில் இந்தச் செய்தி இன்றும் வரக்கூடும். கணினியின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் தேடியபோது இரண்டு டிரைவர்களும் ஒரே இடத்தில் கிடைத்தன. பதிப்பு சற்றுப் பழையதுதான். இருந்தாலும் மடிக்கணினிக்கு முதலில் அதைத்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விண்டோஸ் 10இல் 2017 முதல் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திலேயே ஜிபியு 0, ஜிபியு 1 (ஜிபியு என்பது கிராபிக்ஸ் சிப்) என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. எந்தச் சிப் வேலை செய்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்துவிடலாம்.

* * *

என்னுடையது சிறிய அனுபவம். மேசைக்கணினியில் புதிய கார்டைப் பொருத்தி, சரியான டிரைவரையும் நிறுவிய பிறகு, டிரைவரோடு வரும் அமைப்புச் சாளரமான என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் இந்தத் திரை என்விடியா கார்டோடு இணைக்கப்படவில்லை என்று வந்தது. டிரைவரை இரண்டு முறை நீக்கி நிறுவினேன். கடைசியில் கணினியின் பின்புறம் போய்ப் பார்த்தால், திரையின் கேபிள் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையிலேயே இருந்தது. கார்டின் துளைகள் அதற்குக் கீழே, கிடைமட்டமாக இருக்கும். டிரைவரைக் குறை சொல்லும் முன் அங்கே ஒரு முறை பாருங்கள்.

* * *

முதலில் எழுதிய நண்பர் எண்ணை நம்பச் சொல்கிறார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் பழைய கார்டு வாங்குபவர்களுக்காக, அந்த எண்ணும் பொய் சொன்ன ஓர் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி விற்கப்பட்ட கார்டு ஒன்றை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். ஹார்டுவேர் ஐடியில் 10டிஇ, 1சி82 என்று இருந்தது. 1050 டிஐக்கு உரிய எண் அதுவே. உரிய டிரைவரும் முணுமுணுக்காமல் நிறுவப்பட்டது. மறுமுறை கணினியைத் தொடங்கியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 43 என்ற பிழை எண்ணும் வந்தன. அந்தச் சாதனம் கோளாறு இருப்பதாகத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்பது இந்த எண்ணின் பொருள். பழைய டிரைவரின் மிச்சம் காரணமாக இருக்கலாம் என்று கருதி, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியால் முழுவதும் துடைத்துவிட்டு மீண்டும் நிறுவினேன். பயன் இல்லை.

பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்ற சொல்லைக் காட்டியது. பழைய ஃபெர்மி கார்டின் பயாஸை (கார்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, அதன் பெயரையும் எண்ணையும் புதிய கார்டுடையவை போல ஆக்கியிருந்தார்கள். டிரைவர் நிறுவப்படும்போது எண்ணை மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்கிறது; சிப்போடு உண்மையில் பேசத் தொடங்கும்போதுதான் தோற்கிறது.

இதில் எனக்கு வருத்தம் தருவது என்னவென்றால், மென்பொருள் எதுவும் இல்லாமலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். அந்தக் கார்டில் பதினைந்து துளைகள் கொண்ட நீல நிற விஜிஏ இணைப்பு இருந்தது. 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைச் சிப்களோ அந்த அனலாக் சைகையைத் தருவதே இல்லை. விற்றவர் போட்டிருந்த படத்திலேயே அந்த நீல இணைப்பு தெளிவாகத் தெரிந்தது. சிப்பின் மேல் பொருத்தியிருக்கும் வெப்பம் தணிக்கும் உலோகமான ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தபோது சிப்பின் மேல் ஜிபி107 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜிஎஃப்116 என்று பொறித்திருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பியதும் விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

* * *

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்காக ஒன்று. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை என்என், கே ஆகிய விருப்பங்களோடு கொடுத்தால், மேலே நண்பர்கள் சொன்ன நிறுவன எண்ணும் சிப் எண்ணும் சதுர அடைப்புக்குள் வரும். அதன் கீழே இப்போது எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரியும் வரும். இன்டெல்லுக்குப் பெரும்பாலும் ஐ915 என்றும் அண்மைக்கால ரேடியான்களுக்கு ஏஎம்டிஜிபியு என்றும் இருக்கும். இவை பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருவதால் தனியே தேட வேண்டியதில்லை. என்விடியாவுக்கு நூவோ என்ற திறந்தமூல டிரைவர் அல்லது அந்நிறுவனத்தின் சொந்த டிரைவர் இருக்கும்.

நான் சொந்த டிரைவரை நிறுவிய பிறகு, பயன்பாட்டில் உள்ள டிரைவர் என்ற வரியே காணாமல் போயிற்று. நம்பகமான மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், டிஜிட்டல் கையொப்பம் ஏற்கப்படாத டிரைவரைக் கெர்னல் ஏற்ற மறுக்கிறது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது. மறுதொடக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று வந்து, அங்கே அதே கடவுச்சொல்லைக் கொடுத்து, அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிஜிட்டல் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் திரை பத்து விநாடிகளே காத்திருக்கும். நான் அந்நேரம் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தேன். மீண்டும் நிறுவி, இம்முறை எதிரிலேயே அமர்ந்து பதிவு செய்தபின் சரியாயிற்று.

* * *

போலிக் கார்டு பற்றி எழுதிய நண்பரே, முதல் பதிவை எழுதியது நான்தான்; உங்கள் பதிவைப் படித்ததும் உறவினரின் கணினியைத் திறந்து அதே கார்டை ஜிபியு-இசட் மூலமும் பார்த்தேன். ஜிஎஃப்108, ஃபெர்மி என்றுதான் வந்தது, போலி இல்லை. 0எஃப்02 என்ற சிப் எண்ணையும் 391.35 என்ற டிரைவர் பதிப்பையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கேபினட்டின் பக்கவாட்டு மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.