டாமி டக்ளஸ்: மருத்துவத் திட்டம் யாருடைய கணக்கில்?

கேள்வி: கனடாவின் சஸ்காட்சுவன் மாகாணத்தில் வெய்பர்ன் என்ற கோதுமை ஊரின் எம்.எல்.ஏ.வாகவும் மாகாண முதல்வராகவும் இருந்தவர் டக்ளஸ். அரசு மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்கிறார்கள். ஆனால் 1962-இல் திட்டம் தொடங்கியபோது முதல்வர் வேறொருவராமே?

பதில் 1: ஆமாம், வுட்ரோ லாயிட். ஆனால் இரண்டு திட்டங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1947 ஜனவரி 1-இல் வந்தது மருத்துவமனைக் காப்பீடு. அது முழுக்க டக்ளஸ் ஆட்சியில். ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர், குடும்பத்துக்கு உச்சவரம்பு 30. டாக்டர் ஃபீஸ் இதில் சேராது. அதற்கு 1946-லேயே ஸ்விஃப்ட் கரன்ட் வட்டாரத்தில் வெள்ளோட்டம் விட்டிருந்தார்கள்.

பதில் 2: ஏன் இவ்வளவு தாமதம் என்றால், பணம்தான். 1958 ஜூலையில் மத்திய அரசு மருத்துவமனைச் செலவில் ஏறக்குறைய பாதியை ஏற்றது. அதில் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சிய பிறகே டாக்டர் ஃபீஸுக்கான திட்டத்தை 1960 மாகாணத் தேர்தலில் முன்வைத்து டக்ளஸ் ஜெயித்தார். 1961 நவம்பரில் சட்டம் நிறைவேறியது; அதே மாதம் பதவி விலகி மத்திய அரசியலுக்குப் போய்விட்டார். திட்டம் தொடங்கிய 1962 ஜூலை 1 முதல் அதை எதிர்த்து 23 நாள் டாக்டர்கள் வேலைநிறுத்தம். அடி முழுவதும் லாயிட் தலையில்!

பதில் 3: டக்ளஸும் தப்பவில்லை. 1962 ஜூன் மத்தியத் தேர்தலில் சஸ்காட்சுவன் தலைநகர் ரெஜைனாவில் தோற்றார். பிறகு பிரிட்டிஷ் கொலம்பியாவில் இடைத்தேர்தலில் நின்றுதான் நாடாளுமன்றம் போனார்.