எக்ஸ்.எச்.சி.ஐ. இயக்கி: அசல் கணினியில் மட்டும் முகவரிக் கட்டளை தோற்கிறது, உதவி தேவை

வணக்கம். ஓசூரில் நண்பர்கள் சிலர் கற்பதற்காக உருவாக்கிவரும் சிறிய கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) எக்ஸ்.எச்.சி.ஐ. யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியின் (யூ.எஸ்.பி. போர்ட்டுகளை இயக்கும் வன்பொருள்) இயக்கியை நான் எழுதி வருகிறேன். கணினியைப் போலச் செயல்படும் மென்பொருளான கியூஎமுவில் விசைப்பலகை ஒழுங்காக இயங்குகிறது. அதை நான் பெரிய சான்றாகக் கொள்வதில்லை. அசல் மடிக்கணினியிலோ, சாதனத்துக்கு இடம் ஒதுக்கும் 'எனேபிள் ஸ்லாட்' கட்டளை வெற்றியாக முடிந்தபின், அதற்கு முகவரி தரும் 'அட்ரஸ் டிவைஸ்' கட்டளைக்கு, கட்டுப்படுத்தி தன் பதில்களை எழுதும் நிகழ்வு வளையத்தில் முடிவுக் குறியீடு 4, அதாவது யூ.எஸ்.பி. பரிமாற்றப் பிழை, திரும்பி வருகிறது.

பயாஸிடமிருந்து கட்டுப்பாட்டைப் பெறுவதையும், சாதனத்தின் நிலையை நினைவகத்தில் வைத்திருக்கும் சூழல் அமைப்பு 32 பைட்டா 64 பைட்டா என்பதை, அந்த அளவைக் காட்டும் சி.எஸ்.இசட். பிட்டைப் படித்துத் தீர்மானிப்பதையும், போர்ட் ரீசெட்டுக்குப் பின் 10 மில்லிநொடி காத்திருப்பதையும் சரிபார்த்துவிட்டேன். 'அட்ரஸ் டிவைஸ்' கட்டளையில் முகவரியைச் சாதனத்துக்கு அனுப்பாமல் தடுக்கும் பி.எஸ்.ஆர். பிட்டை 1 ஆக வைத்து, சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரிப்பானின் முதல் 8 பைட்டுகளைப் படித்து, மீண்டும் ரீசெட் செய்தபின் முகவரி தருவது உங்களில் யாருக்கேனும் பலனளித்ததா? ஸ்லாட் சூழலில் (சூழல் அமைப்பில் சாதனத்தின் பொது விவரங்கள் உள்ள பகுதி) வேறு எந்தப் புலத்தை ஆராய வேண்டும் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.