மறு: கம்பாசிட்டருக்கு என்ன சொல்லலாம்?

வணக்கம். திரையில் சாளரங்களை ஒன்றுசேர்த்துக் காட்டும் நிரலான கம்பாசிட்டருக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> 'காட்சி விளைவுகள்' என்றே இருக்கட்டும், பயனர்களுக்குப் பழகிவிட்டது.

பழகியதுதான் தொல்லை. லினக்ஸ் கணினிகளுக்கான கேடிஇ பணிமேடையான பிளாஸ்மாவின் 5-ஆம் பதிப்பில் சாளரத்தை இழுக்கும்போது தடம் விழுந்தாலோ திரை சிமிட்டினாலோ ஆல்ட்+ஷிஃப்ட்+எஃப்12 அழுத்துவோம். கம்பாசிட்டர் நின்றுவிடும், படம் சீராகும். சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் கம்பாசிட்டர் கூடுதல் வசதி மட்டுமே. 2024 பிப்ரவரியில் வெளிவந்த பிளாஸ்மா 6-இலோ எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டுதான் இயல்பிருப்பு. அங்கே ஒவ்வொரு செயலியும் தன் சாளரத்தைத் தனியே வரைந்து கொடுத்துவிடும். எது மேலே, எது கீழே என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்புவது கம்பாசிட்டர். அதை நிறுத்தினால் திரையில் எதுவுமே தெரியாது. இதைப் போய் 'விளைவுகள்' என்றால், பிளாஸ்மா 6-க்கு மேம்படுத்திவிட்டுத் திரை சிமிட்டலால் தவிப்பவர் ஏதோ அலங்காரம் என்று நினைத்து, அதை அணைக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் செய்ய வேண்டியது வேறு: உள்நுழைவுத் திரையில் எக்ஸ்11 அமர்வு இருந்தால் அதில் நுழைந்து பார்க்க வேண்டும். அங்கே சிமிட்டல் இல்லையென்றால் அடுத்து வரைகலை இயக்கி. என்விடியா அட்டை என்றால் அதன் இயக்கியில் 555 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

> 'தொகுப்பி'?

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு நம்மில் சிலர் அதைத்தான் எழுதுகிறோம். வேண்டாம்.

> அச்சகத்துக் கம்பாசிட்டர் அச்சுக்கோப்பவர்தானே? 'கோர்ப்பி' எனலாமே.

வழி சரி. தனித்தனி எழுத்தைப் பொறுக்கி ஒரு பக்கமாக்கியவர் அவர். இதுவும் அதே வேலைதான். ஆனால் இலக்கணம் அறிந்தவர்கள் 'கோர்' பிழை, 'கோ' என்பதே வேர் என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு 'ர்' எழுத்தை எடுத்தால் 'கோப்பி' ஆகும். காப்பியைக் கோப்பி என்னும் யாழ்ப்பாணத்து நண்பர்கள் சீனி எத்தனை கரண்டி என்று கேட்பார்கள்.

எனவே வடிப்பான், அழிப்பான் வரிசையில் 'கோப்பான்' என்கிறேன். தனியே நின்றால் கோப்பு, அதாவது ஃபைல், நினைவுக்கு வரும் என்பதால் 'சாளரங்கோப்பான்'. மரங்கொத்தி மாதிரி புணர்ச்சியும் இயல்பாக வருகிறது. நீளம்தான் உறுத்துகிறது. உதவிப் பக்கத்தில் பரவாயில்லை; அமைப்புகளின் இடப்பக்கப் பட்டியில் வெட்டுப்படாமல் நிற்குமா என்று யாராவது சோதித்துச் சொல்லுங்கள். வெட்டுப்பட்டால் அங்கு மட்டும் 'கோப்பான்' என்று வைக்கலாம்.

டேரிங்குக்கு, அதாவது திரைப்படிமம் குறுக்கே கிழிந்தாற்போல் தெரிவதற்கு, 'கிழிசல்' போதும். அதற்கும் ஒரு மடல் இழை தொடங்கிவிடாதீர்கள்.