கடைந்த மரச்சிமிழில் மூடி இறுகுகிறது; செப்புக் கோப்பைக்குப் பாலிஷ் போடலாமா?

சிமிழ்மாயம்:
குளோஸ்-அப் மேஜிக்குக்கு (பார்ப்பவருக்கு மிக அருகில் கையால் செய்யும் வித்தை) கைவினைப் பொருள்கள் சேர்ப்பவர்களிடம் இரண்டு கேள்விகள். கடைசல் பிடித்த வட்ட மரச்சிமிழ் ஒன்று, காற்றில் ஈரம் ஏறினால் மூடி கவ்விக்கொள்கிறது, ஒரு கையால் திறக்க முடியவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? அடுத்தது, கப்ஸ் அண்ட் பால்ஸுக்கான (கோப்பைகளுக்கு அடியில் பந்துகள் மறைந்து தோன்றும் வித்தை) செப்புக் கோப்பைகள் மூன்றும் கறுத்து வருகின்றன. பாலிஷ் போடலாமா? இன்னொரு செட் வாங்கினால் எதைச் சோதித்து வாங்குவது? (ரகசியம் எதுவும் கேட்கவில்லை, பராமரிப்பு மட்டும்தான்.)

கடைசல்பட்டறை:
உப்புத்தாளை இப்போதைக்குத் தொடாதீர்கள். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, ரேகைக்குக் குறுக்கேதான் ஊதும், சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் ஏற்படுவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் வட்டமாகக் கடைந்தது காலப்போக்கில் லேசான நீள்வட்டமாகிவிடும். சிமிழும் மூடியும் ஒரே கட்டையிலிருந்து வந்தவை என்றால் இரண்டும் ஒரே பக்கமாகக் கோணும். ரேகையோடு ரேகை பொருந்த மூடினால் வழுக்கி இறங்கும், கால் சுற்று திருப்பினால் கவ்வும். முதலில் இதைப் பாருங்கள்.

எந்தப் பக்கம் திருப்பினாலும் இறுகினால் மட்டும் தேய்க்கலாம். சிமிழின் கழுத்தில் பென்சில் தூளைப் பூசி, மூடித் திறந்தால் உரசும் இடங்கள் பளபளக்கும். அங்கே மட்டும் 400-ஆம் எண் தாளால் இரண்டு மூன்று இழுப்பு, மறுபடி சோதனை. தூளை நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் நிகழ்ச்சியில் விரலில் கரி ஒட்டும். கடைசியில் மெல்லிய மெழுகுப் பூச்சு. எண்ணெய் வேண்டாம், மூடிய சிமிழுக்குள் காயாமல் பிசுபிசுக்கும். ஈரம் உச்சத்தில் இருக்கும் நாளில் தேய்த்துச் சரிசெய்தால் வறண்ட நாளில் மூடி லொடலொடக்கும், எனவே இடைப்பட்ட நாளாகப் பாருங்கள்.

வெளியே வார்னிஷ், உள்ளே வெறும் மரம் என்று விட்ட சிமிழ்களை வாங்கவே வேண்டாம். ஈரம் ஒரு பக்கமாக மட்டும் ஏறி இறங்கும், கோணலும் அதிகமாகும்.

மூன்றாம்கோப்பை:
கோப்பைக்கு வருகிறேன். மேலே லாக்கர் (கறுக்காமல் காக்கும் மெல்லிய பூச்சு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாலிஷ் கூடாது, பருத்தித் துணியே போதும். இல்லையென்றால் வெளிப்புறம் மட்டும் துலக்கி மெழுகு தடவலாம். உட்புறத்தைக் கறுத்தபடியே விடுங்கள். பளபளத்தால் உள்ளே இருக்கும் பந்தை அதுவே காட்டிக்கொடுக்கும். பித்தளை செட் என்றால் அம்மோனியா வாடை அடிக்கும் பாலிஷை விலக்குங்கள். தகட்டை அச்சின்மேல் அழுத்திச் சுழற்றிச் செய்ததால் உலோகத்தில் இறுக்கம் தங்கியிருக்கும், அம்மோனியா பட்டால் மயிரிழை விரிசல் விடலாம். தோல் பையில் போட்டு வைத்தால் பச்சை பூக்கும். பருத்திப் பை நல்லது.

வாங்கும்போது, நீங்கள் பயன்படுத்தும் பந்துகளையே கொண்டுபோங்கள். கவிழ்த்த கோப்பையின் மேல் ஒரு பந்தை வைத்து இன்னொரு கோப்பையால் மூடினால் ஆடாமல் உட்கார வேண்டும். உச்சியில் குழிவு போதாவிட்டால் பந்து உருண்டு விழும். பிறகு அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக வேகமாக இறக்கிப் பாருங்கள், சிக்கினால் வேண்டாம். கடைசியில் வெளிப்பட வேண்டிய பெரிய பந்து கோப்பையை லேசாகத் தட்டியதும் விழ வேண்டும். தட்டாமலே விழுந்தாலும் ஆபத்து, அடித்தும் விழாவிட்டாலும் ஆபத்து.

மேட்விரிப்பு:
கறுப்பு பற்றி எனக்கு வேறு கருத்து. சீராகக் கறுத்த கோப்பை பார்ப்பவருக்குப் பழைய பாத்திரம்போலத் தெரியும், சந்தேகம் குறையும். கண்ணாடிபோல மினுங்குவது அலமாரிக்குத்தான் அழகு. சத்தத்தையும் கவனியுங்கள். கெட்டியான பந்து செம்பில் பட்டால் ‘டிங்’ என்று ஊரைக் கூட்டும். தக்கைப் பந்துக்குக் குரோஷே உறை, கீழே 3 முதல் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் (மெத்தென்ற செயற்கை ரப்பர்) மேட் போதும்.

சிமிழ்மாயம்:
கால் சுற்றுச் சோதனையில் மூடி அப்படியே இறங்கிவிட்டது! திசை தெரிய எங்கே குறி போடுவது?

கடைசல்பட்டறை:
தனிக் குறி வேண்டாம், கையில் வாங்கிப் பார்ப்பவர் அதைத்தான் கேட்பார். மூடியிலிருந்து சிமிழுக்குத் தொடரும் கருத்த ரேகை ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள். பார்வையாளரே மூட வேண்டிய வித்தை என்றால் அதற்கு இந்தச் சிமிழ் சரிவராது. தளர்வாகக் கடைந்த வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.