அநியாயத்தை எதிர்த்துக் கேட்பது விசுவாசக் குறைவா?

கேள்வி

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். என் தங்கையின் கணவர் ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்தவர். ஏழு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலேயே அவரையும் அவரோடு வேலை செய்த பதினொரு பேரையும் நிறுத்திவிட்டார்கள். கேட்கப் போனால், வருகைப் பதிவேடே இல்லை என்கிறார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் படுப்பது என் தங்கையின் வழக்கம். இப்போது வேதாகமத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரிகூட வாசிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

சபையார் அன்பானவர்கள். வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவினார்கள். அதை நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கப் போகிறோம் என்றதும், 'பழிவாங்குதல் கர்த்தருக்குரியது, ஜெபத்தோடு காத்திருங்கள்' என்று மூப்பர்கள் தடுத்துவிட்டார்கள். அநியாயத்தை எதிர்த்துக் கேட்பது விசுவாசக் குறைவா? காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? வேதத்தின் வெளிச்சத்தில் சொல்லுங்கள். ஆறுதலுக்காக மட்டும் எதையும் சொல்ல வேண்டாம்.

முதல் மறுமொழி

சகோதரரே, மனுவைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் உங்கள் தங்கையைப் பற்றி எழுத விரும்புகிறேன். என் கணவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் 'விசுவாசத்தை விட்டுவிடாதே' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு வயதான தாயார் மட்டும் என் அருகே உட்கார்ந்து, 88ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாக வாசித்துவிட்டு, என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, வேறு எதுவும் பேசாமல் எழுந்து போனார். அந்தச் சங்கீதத்தின் முடிவில் துதி இல்லை. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது. அப்படி ஒரு ஜெபத்துக்கும் வேதாகமத்தில் இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான். ஆபகூக் தீர்க்கதரிசியும் தம் புஸ்தகத்தை, 'கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார். தேவன் கேட்பார் என்ற நம்பிக்கை அடியோடு அற்றுப்போனவருக்கு அவரிடம் முறையிடவே தோன்றாது. உங்கள் தங்கை இன்னும் வேதத்தைத் திறந்து வைத்திருக்கிறார் அல்லவா? வாசிக்கச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள்; நீங்களே அருகில் உட்கார்ந்து வாசியுங்கள்.

இரண்டாவது மறுமொழி

மூப்பர்கள் காட்டிய வசனம் ரோமர் 12:19. அதை எழுதிய பவுல், தமக்கு அநியாயம் நடந்தபோது என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் அவரையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவைத்தார்கள். நடுராத்திரியில் அவர்கள் பாடித் துதித்ததையும் சிறைச்சாலை அதிர்ந்ததையும் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். விடிந்த பிறகு நடந்ததைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. அவர்களை விட்டுவிடலாம் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது, பவுல் போக மறுத்தார். ரோமக் குடியுரிமை உள்ள எங்களை விசாரியாமல் எல்லார் முன்பாகவும் அடித்துவிட்டு, இப்போது இரகசியமாக அனுப்பிவிடப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அவர்களும் பயந்துபோய் நேரில் வந்து வேண்டிக்கொண்டார்கள்.

இது பழிவாங்குதல் அல்ல. அந்த அதிகாரிகளுக்குத் தண்டனை வேண்டும் என்று பவுல் கேட்கவில்லை. செய்த தவற்றை அவர்கள் தங்கள் வாயால் ஒப்புக்கொள்ளும்படி செய்தார். தமக்காக மட்டும் அவர் இதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. லீதியாளும் புதிதாக விசுவாசித்தவர்களும் அதே ஊரில், அதே அதிகாரிகளின் கீழ்தானே தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது! இரவில் பாடிய அதே வாய்தான் விடிந்ததும் நியாயம் கேட்டது.

கூலியைப் பற்றி வேதம் மறைவாகப் பேசவில்லை. கூலிக்காரனுடைய கூலியை அன்றன்றே, பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 கட்டளையிடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. கூலியே கூக்குரலிடும்போது, அதற்காக உழைத்தவர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எந்த விதத்தில் நியாயம்?

மூன்றாவது மறுமொழி

நான் ஓய்வுபெற்ற போதகர். மூப்பர்களைக் கடிந்துகொள்ளுமுன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இருப்பதையும் இழந்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஏழைகளைத் தடுக்கிறவர்கள் உண்டு. நானே அப்படித் தடுத்திருக்கிறேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் எட்டு மதத் தலைவர்கள், கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்துக்கு இது ஏற்ற வேளை அல்ல என்று அறிக்கை விட்டபோது, சிறையிலிருந்த மார்ட்டின் லூதர் கிங் செய்தித்தாளின் ஓரங்களில் தம் பதிலை எழுதத் தொடங்கினார். 'காத்திருங்கள்' என்ற சொல்லுக்கு, அநேகமாக எப்போதுமே 'ஒருபோதும் இல்லை' என்பதுதான் பொருளாக இருந்திருக்கிறது என்பது அவர் அதில் எழுதிய ஒரு வரி. அந்தத் தலைவர்களும் நல்லவர்கள் என்றே தங்களை எண்ணியிருப்பார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். எரேமியா 32ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நம்பிக்கை என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது அங்கே ஒரு பத்திரமாக, கையில் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. ஆகவே சம்பளம் வரவான வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, வேலை நேரம் குறித்த துண்டுச்சீட்டு என எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். ஒருவர் தனியாகப் போகாமல் பன்னிரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். மனுவில் ஒரு பொய்யும் மிகையும் வேண்டாம். அந்த நிறுவனத்தாருக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள்; அது மிகவும் கடினம் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள். மற்ற மூவரும் வேறு இடத்தில் வேலை தேடுவதால் பயப்படுகிறார்கள். அவர்களை நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அவர்களுக்கு வரவேண்டிய தொகையையும் மனுவில் சேர்த்திருக்கிறோம். இல்லவே இல்லை என்று சொல்லப்பட்ட பதிவேட்டின் நான்கு பக்கங்களை ஒருவர் முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். மூப்பர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. போதகர் மட்டும், திங்கட்கிழமை எங்களோடு அலுவலகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்று இரவு தங்கையின் அருகில் உட்கார்ந்து 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். பாதியில் என் குரல் தடுமாறியபோது, மீதியை அவள் வாசித்தாள்.