பெரியப்பாவும் மாஸ்லோ பிரமிடும்: ஒரு சந்தேகம்

தங்கச்சிமடத்தான்:
அஞ்சல் வழியில் உளவியல் படிக்கிறேன். மனிதநேய உளவியலையும் இருத்தலியல் உளவியலையும் ஒரே பாடத்தில் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் பிரமிடில் சோறு, பாதுகாப்பு, உறவு, மதிப்பு என்று ஏறித்தான், தன் திறன் முழுசாக மலர்கிற உச்சிக்குப் போகணுமாம். எங்கள் பெரியப்பாவுக்கு இது ஒத்துவரவே இல்லை. போன வாடையில் மீன்பிடி வல்லம் பாறையில் மோதி உடைந்தது, கடன் கழுத்து வரைக்கும், அரிசிக்கே இழுபறி. ஆனால் மனுசன் பணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியைக் கையில் பிடித்தபடி ஒரு கண்ணிகூடக் கட்டாமல் உட்கார்ந்திருக்கிறார், "இனி நான் எதுக்குடா" என்கிறார். கீழ்ப்படியிலேயே நிற்கிறவருக்கு மேல்படிக் கேள்வி எப்படி வந்தது?

கீழக்கரை வாத்தியார்:
தம்பி, அந்த முக்கோணத்தை மாஸ்லோ வரையவே இல்லை, நிர்வாகவியல்காரர்கள் பின்னால் போட்ட படம் அது. 1943 கட்டுரையில் தேவைகளின் வரிசை உண்டு, ஆனால் அது கறாரான வரிசை இல்லை, சிலருக்கு மாறியும் வரும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

பூர்வீகம் கேட்டால் இரண்டும் வேறு வேறு ஊர்க்காரர்கள். மனிதநேய உளவியல் அமெரிக்கச் சரக்கு. ஒரு பக்கம் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு, இன்னொரு பக்கம் எலி, புறா வைத்துச் சோதனை செய்த நடத்தையியல், இரண்டிலும் மனுசனையே காணோம் என்று மாஸ்லோவும் கார்ல் ரோஜர்ஸும் கிளம்பினார்கள், "மூன்றாவது சக்தி" என்று பேர் வைத்து 1961-ல் தனி ஆய்விதழே வந்துவிட்டது. ரோஜர்ஸ் சின்ன வயதில் வீட்டு நிலவறையில் பார்த்த உருளைக்கிழங்கைப் பற்றி எழுதியிருப்பார். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஆனாலும் வெளுத்துப்போன முளைகள் சன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நீண்டுகொண்டே போகும். எந்த நிலையிலும் உயிர் வளரத்தான் பார்க்கும் என்கிற அவர் கொள்கை முழுக்க அந்தக் கிழங்கில் இருக்கிறது.

இருத்தலியல், அதாவது சாவு, பதற்றம், வாழ்வின் அர்த்தம் என்று மனுசன் இருப்பதையே கேள்வி கேட்கிற சிந்தனை, ஐரோப்பாவில் பிறந்தது, வயதிலும் மூத்தது. டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்ட் 1844-லேயே பதற்றத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். காசநோய் வந்து படுத்திருந்த அமெரிக்க உளவியலாளர் ரோலோ மே அதைப் படித்துவிட்டு, நமக்கு நடப்பதைத்தான் இந்த ஆள் எழுதியிருக்கிறார் என்று உணர்ந்தார், 1958-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து ஒரு தொகுப்பு போட்டு அந்தச் சிந்தனையை அமெரிக்காவில் இறக்கினார். அப்புறம்தான் இரண்டும் சம்பந்தி ஆயின.

உப்புக்காத்து:
நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்லை விட்டுட்டீங்களே அண்ணே! அந்த முகாமில் பட்டினி கிடந்தவர்களும் 'எதுக்கு' என்றுதான் கேட்டார்கள், பெரியப்பாவுக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. ஆனால் வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுகிற அவருடைய சிந்தனை முகாமில்தான் பிறந்தது என்பது தப்பு. எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியோடுதான் அவர் ஆஷ்விட்ஸுக்குள் போனார், அது அங்கேதான் பறிபோனது.

ஏர்வாடி அக்கா:
பாடம் இருக்கட்டும் தம்பி. 2001 ஆகஸ்ட் 6-ல் எங்க ஊரில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஆளை ஆளாகப் பார்க்கணும் என்று ரோஜர்ஸ் சொன்னதை நான் அங்கிருந்துதான் படிக்கிறேன். "நான் எதுக்குடா" என்பதைத் தத்துவக் கேள்வி என்று மட்டும் வைத்துக்கொள்ளாதே. சாகணும் போல இருக்கிறதா என்று நேராகவே கேள், கேட்பதால் புதுசாக அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதே, அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு, அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ. பக்கத்தில் உட்கார்ந்தால் புத்தி சொல்லாமல் உட்கார்.

தங்கச்சிமடத்தான்:
கேட்டேன் அக்கா. ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் "அப்பப்ப தோணுது"ன்னார். நாளைக்குக் காலையில் ராமநாதபுரம் கூட்டிப் போகிறேன், பெரியம்மாவும் வருகிறார். கிளம்பும்போது "அந்த ஊசியில நூல் கோத்து வை, எனக்குக் கண்ணு தெரியல"ன்னார். கோத்து வைத்திருக்கிறேன்.